வயலில் இறங்கிய ராக்கெட் வீடு திரும்ப: எதில் எழுதுவது, எங்கே ஒட்டுவது

கேள்வி: இல்லினாய்ஸில் இருக்கிறோம். மகனுக்கு ஒன்பது வயது. எஸ்டெஸ் நிறுவனத்தின் ஆல்ஃபா 3 என்கிற பொம்மை ராக்கெட்டில் சி6-5 என்ற கருமருந்து மோட்டார் போட்டு ஏவினோம். பாராசூட் அழகாக விரிந்தது, ஆனால் காற்றோடு போய்ப் பக்கத்து மக்காச்சோள வயலுக்குள் இறங்கிவிட்டது. தேடியும் கிடைக்கவில்லை. அடுத்த ராக்கெட்டில் பேரும் போன் நம்பரும் எழுதி வைத்தால் திரும்பக் கிடைக்குமா? எதில், எங்கே எழுத வேண்டும்?

பதில்: திரும்பக் கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஆனால் அன்றைக்கோ மறுநாளோ யாராவது எடுத்துக் கொடுப்பார்கள் என்ற எண்ணத்தில் எழுதினால் அந்த எழுத்து உதவாது. உங்கள் பக்கம் ஜூலையில் மக்காச்சோளம் ஆள் உயரத்தைத் தாண்டி நிற்கும். அதற்குள் விழுந்த பொருள் மனிதக் கண்ணில் படுவது பெரும்பாலும் அறுவடையின்போது, அதாவது செப்டம்பர் கடைசியிலோ அக்டோபரிலோதான். ஆக, எழுத்து மூன்று மாத வெயிலையும் மழையையும் தாங்கி நிற்க வேண்டும். அதைப் படிக்கப்போகிறவர் இப்படி ஒரு பொழுதுபோக்கு இருப்பதையே அறியாத ஒரு விவசாயியாகவோ அவருடைய வேலையாளாகவோ இருப்பார். எதில் எழுதுவது, எங்கே எழுதுவது, என்ன எழுதுவது என்ற மூன்றையும் இந்த இரண்டு விஷயங்களை மனதில் வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஏன் அவ்வளவு தூரம் போனது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம். ஆல்ஃபா 3 சி6-5 மோட்டாரில் 300 மீட்டருக்கு மேல் ஏறக்கூடியது. 30 செ.மீ. பாராசூட்டில் அந்த எடை நொடிக்குச் சுமார் மூன்றரை மீட்டர் வேகத்தில் இறங்கும். 300 மீட்டர் இறங்க 85 நொடி. காற்று நொடிக்கு 4 மீட்டர் அடித்தால், அது முகத்தில் இதமாகப் படுகிற காற்றுதான், ராக்கெட் 340 மீட்டர் தள்ளிப் போய் இறங்கும். அமெரிக்காவின் நேஷனல் அசோசியேஷன் ஆஃப் ராக்கெட்ரி என்ற ராக்கெட் ஆர்வலர் சங்கம் தன் பாதுகாப்பு விதிகளில் சி மோட்டாருக்குச் சொல்லும் மைதான அளவு குறைந்தது 400 அடி, அதாவது 120 மீட்டர். அது பாதுகாப்புக்கான குறைந்தபட்ச அளவு. அந்த அளவு மைதானத்துக்குள்ளேயே ராக்கெட் இறங்கும் என்று அதற்கு அர்த்தமில்லை. அதனால் புது ராக்கெட்டுக்கு முதல் இரண்டு மூன்று ஏவல்களிலும் சக்தி குறைந்த ஏ8-3 மோட்டார் போடுங்கள். உயரம் 100 மீட்டரை ஒட்டித்தான் இருக்கும், விலகலும் அதே விகிதத்தில் குறையும். காற்று கொஞ்சம் கூடுதலாக இருக்கும் நாளில் பாராசூட்டின் நடுவே ஐந்தாறு செ.மீ. அகல வட்டமாக வெட்டி எடுத்துவிடலாம், சீக்கிரம் இறங்கும். லேபிள் இதற்கெல்லாம் மாற்று கிடையாது. இத்தனையும் செய்த பிறகும் காற்று கொண்டுபோவதற்குத்தான் லேபிள்.

இனி எங்கே எழுதுவது என்பது. பெரும்பாலானவர்கள் உடல் குழாயில் ஒரே ஒரு லேபிள் ஒட்டிவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். அந்த ஒரு இடம் மட்டும் போதாது. ராக்கெட் உச்சிக்குப் போனதும் மோட்டாரின் முன்பக்கத்திலுள்ள கருமருந்து வெடித்து மூக்கையும், அதாவது கூம்பான முன்நுனியையும், பாராசூட்டையும் வெளியே தள்ளுகிறது. மூக்கையும் குழாயையும் சேர்த்துப் பிடித்திருப்பது ஷாக் கார்டு என்கிற ரப்பர் நாடா மட்டுமே. அந்த ரப்பர் வெந்து போகும், வயதாகி நொறுங்கும். சில சமயம் மூக்கின் அடியிலுள்ள பிளாஸ்டிக் வளையமே பிய்ந்துவிடும். நாடா அறுந்தால் கனமான குழாய் புரண்டு புரண்டு பக்கத்திலேயே விழும், அதை நீங்களே எடுத்துவிடுவீர்கள். பாராசூட்டோடு சேர்ந்த மூக்குக்கு எடையே இல்லை, அது அடுத்த ஊருக்குக்கூடப் போகும். தொலைவது மூக்கும் பாராசூட்டும், லேபிள் இருப்பதோ குழாயில். ஆகவே பிரியக்கூடிய ஒவ்வொரு துண்டிலும் போன் நம்பர் இருக்க வேண்டும். ஒரே ஒரு இடத்தில்தான் எழுத நேரம் இருக்கிறது என்றால் மூக்கில் எழுதுங்கள்.

மூக்கில் எழுத மிக நல்ல இடம் ஒன்று உண்டு. மூக்கைக் கழற்றிப் பாருங்கள்: குழாய்க்குள் நுழைந்து உட்காரும் உருளையான கழுத்து இருக்கும். ராக்கெட் அலமாரியில் இருக்கும்போதும் பறக்கும்போதும் அந்தக் கழுத்தில் வெயில் படாது, பெயின்டும் படாது. அங்கே ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள், பர்மனன்ட் மார்க்கரால் நேரே எழுதுங்கள். ஸ்டிக்கரின் தடிமன் பத்தில் ஒரு மில்லிமீட்டர் என்றாலும் சுற்றி ஒட்டினால் விட்டம் அதைப்போல் இரு மடங்கு, அதாவது 0.2 மி.மீ. கூடும். மூக்கு இறுகிவிடும். இறுகினால் கருமருந்து அதைத் தள்ள முடியாமல் மோட்டாரையே பின்னால் உமிழ்ந்துவிடும், பாராசூட் வெளியே வராது. எழுதி முடித்துக் காய்ந்ததும் சோதித்துப் பாருங்கள்: மூக்கை மட்டும் பிடித்து ராக்கெட்டைத் தூக்கினால் குழாய் கழன்று விழக் கூடாது, விரலால் லேசாக இழுத்தால் மூக்கு வந்துவிட வேண்டும்.

குழாயின் உள்பக்கம் மறைவாக இருக்கிறதே, அங்கே ஒட்டலாமா என்று தோன்றும். வேண்டாம். வெடிப்பின் சூடும் கரியும் முழுக்க அதன் வழியாகத்தான் போகிறது. நாலு ஏவலில் உள்சுவர் அடுப்பங்கரைச் சுவர் மாதிரி கறுத்துவிடும்.

பாராசூட்டிலும் நம்பர் எழுதுங்கள். எஸ்டெஸ் பெட்டியில் வருவது மெல்லிய பிளாஸ்டிக் தாள். அதில் பர்மனன்ட் மார்க்கர் பிடிக்கும், ஆனால் மடிப்பு விழுகிற கோடுகளில் உதிரும். அதனால் மடிப்புக்கு நடுவில் விரல் அகல எழுத்தில், எதிரெதிர் பக்கங்களில் இரண்டு முறை எழுதுங்கள். நைலான் பாராசூட் என்றால் துணிக்கு எழுதும் லாண்டரி மார்க்கர் நல்லது. நாடாவில் அட்டை கட்டித் தொங்கவிடும் பழக்கம் சிலரிடம் உண்டு. அது பாராசூட் கயிறுகளோடு சிக்கிக்கொள்ளும், விட்டுவிடுங்கள்.

உடல் குழாய் வெறும் அட்டைதான். தொடர்ந்து நாலு நாள் நனைந்தால் சுருள் ஒட்டுகள் விட்டு உரிந்து கூழாகிவிடும். அதன்மேல் எவ்வளவு நல்ல லேபிள் ஒட்டினாலும் அடியில் இருக்கிற அட்டையே இல்லாமல் போனால் என்ன செய்ய? ஆல்ஃபா 3-இல் மூக்கும் வால் துடுப்புகளும் பிளாஸ்டிக், அவை மாதக்கணக்கில் கிடக்கும். ஆகவே முழு விவரமுள்ள லேபிளைக் குழாயில் ஒட்டுங்கள், நம்பரை மட்டும் மூக்கிலும் ஒரு துடுப்பிலும் தனியாக எழுதிவிடுங்கள்.

எதில் எழுதுவது என்பதில்தான் அதிகம் ஏமாறுகிறோம். 'பர்மனன்ட்' மார்க்கரின் பெயரை நம்பாதீர்கள். தண்ணீருக்கு அது அசையாது, ஆனால் வெயிலுக்கு வெளுக்கும். சாயம்தானே அது, நேர் வெயிலில் சில மாதத்தில் ஊதா நிழலாகிப் பிறகு ஒன்றுமில்லாமல் போகும். அதன்மேல் ஸ்ப்ரே வார்னிஷ் அடித்துக் காப்பாற்றலாம் என்று நினைத்தால் வார்னிஷிலுள்ள கரைப்பான் எழுத்தை அந்த நிமிடமே கசிய வைக்கும். இங்க்ஜெட் பிரின்டரில் எடுத்த தாள் ஒரு பனிக்கே கலங்கும். மளிகை ரசீது போல் சூட்டில் அச்சாகும் தெர்மல் ஸ்டிக்கர், வெயிலில் நிறுத்திய காருக்குள் இருந்தாலே முழுக்கக் கறுத்துவிடும்.

நிற்பவை இரண்டு மூன்றுதான். லேசர் பிரின்டர் எழுத்து நிற்கும், ஏனென்றால் அது கரித்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்து தாளில் உருகிப் பிடித்தது. அலுவலகத்தில் கோப்புகளுக்கு ஒட்டும், மேலே படலம் மூடிய பிளாஸ்டிக் லேபிள் டேப்பும் நன்றாக நிற்கும். ஒன்றுமே கையில் இல்லையென்றால் சாதாரண பென்சில் இருக்கவே இருக்கிறது. கிராஃபைட் வெயிலில் வெளுக்காது, தண்ணீரில் கரையாது. பெயின்ட் அடிக்காத பால்சா மரத் துடுப்பில் அழுத்தி எழுதிய பென்சில் எழுத்து, அதன் பக்கத்தில் மார்க்கரில் எழுதியது மறைந்த பிறகும் இருக்கும்.

லேபிளில் என்ன எழுத வேண்டும்? முதல் வரியில் இது என்ன பொருள் என்று சொல்லிவிடுங்கள். அட்டைக் குழாய், கரிபிடித்த வாய், சில சமயம் நீட்டிக்கொண்டிருக்கும் வயர். இதை வேலியோரம் பார்க்கிறவர் பயந்து போலீசைக் கூப்பிட்டால் அவரைக் குறை சொல்ல முடியாது. 'பொம்மை ராக்கெட், ஒரு சிறுவன் செய்தது' என்பது போதும். அந்த இரண்டாம் பகுதியை வேண்டுமென்றே சொல்கிறேன். அதைப் படித்த பிறகு குப்பையில் போட யாருக்கும் மனசு வராது. 'வெடிகுண்டு இல்லை', 'வெடிமருந்து இல்லை' என்று மட்டும் எழுதவே எழுதாதீர்கள். லேபிள் பாதி கிழிந்தால் மிஞ்சுவது எந்தச் சொல் என்று யோசித்துப் பாருங்கள்.

இரண்டாம் வரி, 'கிடைத்தால் தயவுசெய்து கூப்பிடுங்கள்' என்பதும் நம்பரும். பகுதிக் குறியீட்டோடு பத்து இலக்கமும் வேண்டும். 5 மி.மீ. உயர எழுத்து, அதாவது கணினியில் சுமார் 20 புள்ளி. குறுஞ்செய்தியும் அனுப்பலாம் என்று சேர்த்துவிடுங்கள். முன்பின் தெரியாதவருக்குப் போன் செய்யத் தயங்குகிறவர்கள்கூட ஒரு படம் எடுத்து அனுப்பிவிடுவார்கள். மூன்றாம் வரியில் மின்னஞ்சல். பூஜ்யமும் ஓ எழுத்தும், ஒன்றும் எல் எழுத்தும் குழம்பாத முகவரியாக இருக்கட்டும். கடைசியில் அதே செய்தியை ஸ்பானிய மொழியில் ஒரே வரியில். அமெரிக்காவில் வயல்வேலை செய்கிறவர்களில் பெரும்பகுதியினருக்கு அதுதான் வீட்டு மொழி. இந்த ஒரு வரியைப் பலர் விட்டுவிடுகிறார்கள் என்பது வருத்தமான விஷயம், ஏனென்றால் ராக்கெட்டை உண்மையில் கையில் எடுப்பவர் பல நேரம் அவர்தான். சிறு சன்மானம் தருவதாக எழுதலாமா என்றால், எழுதலாம். எழுதினால் தொகையோடு எழுதி அதைக் கட்டாயம் கொடுங்கள்.

மகனுடைய பெயர், வீட்டு முகவரி, பள்ளியின் பெயர் இவை மூன்றும் வேண்டாம். காற்று கொண்டுபோய் யார் கையில் சேர்க்கும் என்று தெரியாத பொருளில் ஒரு குழந்தையின் விவரம் இருக்கக் கூடாது. உங்கள் நம்பர் போதும். பள்ளிக் குழுக்கள் அலுவலக நம்பரைப் போடட்டும். ஆனால் ஜூன், ஜூலையில் பள்ளி மூடியிருக்கும் என்பதால் ஓர் ஆசிரியரின் மின்னஞ்சலும் சேரட்டும். போட்டிகளில் உறுப்பினர் எண்ணைப் பெரிய எழுத்தில் ராக்கெட்டில் எழுத வேண்டியிருக்கும். அது நடுவருக்கானது, கண்டெடுப்பவருக்கு வெறும் எண்தான்.

கியூஆர் கோடு பற்றியும் கேட்பீர்கள். இரண்டாவது வழியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஆல்ஃபா 3-இன் குழாய் 24.8 மி.மீ. விட்டம்தான். அதில் 12 மி.மீ. அகலத்துக்கு மேல் போட்டால் ஓரங்கள் வளைந்து கேமரா படிக்கத் திணறும். தட்டையான துடுப்பு அதைவிட நல்ல இடம். கோடுக்குள் இணைய முகவரி வைக்காதீர்கள், அந்தப் பக்கம் ஒருநாள் மூடப்படலாம். போன் நம்பரையே நேராக அடக்கிவிடுங்கள்.

ஒட்டும் முறை இது. பெயின்ட் முழுக்கக் காய்ந்திருக்க வேண்டும். தொட்டுப் பார்த்தால் போதாது, முகர்ந்து பாருங்கள். வாசனை வருகிற வரை கரைப்பான் வெளியேறிக்கொண்டிருக்கிறது, அதன்மேல் ஒட்டினால் குமிழ் குமிழாக எழும்பும். எனாமல் ஸ்ப்ரேக்கு இரண்டு மூன்று நாளாவது விடுங்கள். சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்துக் காயவிடுங்கள். லேபிளை 60 மி.மீ. நீளம், 25 மி.மீ. அகலமாக வெட்டி, நீளவாக்கில், எழுத்து வரிகள் குழாயின் நீளத்தோடு ஓடும்படி வையுங்கள். குறுக்கே சுற்றினால் படிக்கிறவர் உருட்டி உருட்டிப் படிக்க வேண்டும், பாதி கிழிந்தால் நம்பரும் பாதியாகிவிடும். நான்கு மூலைகளையும் கத்தரியால் வட்டமாக்குங்கள். கூர்மூலைதான் முதலில் கிளம்பும், காற்று புகுவதும் அங்கேதான். நடுவிலிருந்து ஓரத்துக்குக் கட்டைவிரலால் அழுத்தித் தேயுங்கள். அதன்மேல் பார்சல் ஒட்டும் தெளிவான டேப்பை எல்லாப் பக்கமும் 4 மி.மீ. கூடுதலாக வரும்படி ஒட்டுங்கள். இன்னும் நன்றாக வேண்டுமென்றால் டேப்புக்குப் பதில் தண்ணீர் கலந்து பூசும் வகை அக்ரிலிக் வார்னிஷை இரண்டு கை மெல்லியதாகப் பூசலாம். லேசர் எழுத்தை அது கலைக்காது.

சில மூக்குகள் மெழுகு தடவியது போல வழுக்கும் பிளாஸ்டிக். அதில் எந்தப் பசையும் நிற்காது. 220 எண் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துவிட்டு எழுதுங்கள். அங்கே டேப்பை நம்ப வேண்டாம்.

லேபிளின் எடையைப் பற்றிக் கவலையே வேண்டாம். அந்த அளவுத் தாளும் டேப்பும் அரை கிராமைத் தாண்டாது. ஆல்ஃபா 3 மோட்டார் இல்லாமலேயே 34 கிராம் அளவில் இருக்கிறது, ராக்கெட்டின் நிலைப்பு மாறாது. விரலளவு தடிமனுள்ள 13 மி.மீ. மோட்டார் ராக்கெட்டுகளில்தான் இடப் பஞ்சம். அவற்றில் நம்பரோடு 'பொம்மை ராக்கெட்' என்ற சொல் மட்டும் போதும்.

முதல் லேபிளை ராக்கெட்டில் ஒட்டுமுன் ஒரு காலிக் குழாயில் ஒட்டி ஓர் இரவு முழுக்க வாளித் தண்ணீரில் போட்டுவையுங்கள். காலையில் ஈரத்தோடு கட்டைவிரலால் பத்து முறை தேயுங்கள். ஓரம் கிளம்பினால் டேப் சரியில்லை, எழுத்து இழுபட்டால் அச்சு சரியில்லை. பிறகு அதையே வெயிலில் ஒரு மாதம் கட்டிப் போடுங்கள். மகனுக்கும் இது பிடித்த வேலையாக இருக்கும்.

வளர வளர அவன் இரண்டு அடுக்கு ராக்கெட்டுக்குப் போவான், அப்போது லேபிளின் வாசகம் மாற வேண்டும். ஒற்றை மோட்டார் ராக்கெட் பாராசூட் விரித்து இறங்கியது என்றால் அதிலிருந்த மருந்து எல்லாம் எரிந்து முடிந்துவிட்டது என்று அர்த்தம், பயமில்லை. இரண்டு அடுக்கில் மேல் மோட்டார் பற்றாமலேயே விழுந்திருக்கலாம். அதில் 'உள்ளே எரியாத மோட்டார் இருக்கலாம், நெருப்பருகே கொண்டுபோகாதீர்கள்' என்று கட்டாயம் எழுத வேண்டும். உயரம் அளக்கும் ஆல்டிமீட்டர் வைத்துப் பறக்கும் பெரிய ராக்கெட்டுகளில் எச்சரிக்கை இன்னும் கூடுதலாக வேண்டும். பாராசூட்டை வெளியே தள்ள வைத்த, பேட்டரியோடு இணைந்த கருமருந்துப் பொதிகள் வெடிக்காமல் உள்ளேயே இருந்திருக்கலாம். 'திறக்காதீர்கள், கூப்பிடுங்கள்' என்ற வரி சிவப்பில், மற்றதைவிடப் பெரிதாக இருக்கட்டும். பல ஆல்டிமீட்டர்கள் எட்டிய உயரத்தைக் 'கீச் கீச்' என்று ஒலித்துக்கொண்டே கிடக்கும். தெரியாதவருக்கு அந்தச் சத்தம் வயிற்றைக் கலக்கும். 'சத்தம் வந்தால் பயப்பட வேண்டாம், உயரம் அளக்கும் கருவி' என்று ஒரு வரி எழுதிவிட்டால் அவர் நிதானமாகப் போனை எடுப்பார்.

இப்போது தொலைந்துபோன ராக்கெட்டுக்கு: வயலின் சொந்தக்காரர் வீட்டுக்கு நேரில் போய்ச் சொல்லி, உங்கள் நம்பரைச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். எந்த மரத்துக்கு நேராக இறங்கியது என்று நினைவிருந்தால் அதையும் எழுதுங்கள், இயந்திரம் ஓட்டுபவர் அந்த வரிசையில் கவனமாக இருப்பார். அனுமதி இல்லாமல் உள்ளே நுழைந்து பயிரை மிதிக்காதீர்கள். கால்நடை வைத்திருக்கும் விவசாயிக்கு இது நிஜமான கவலையும்கூட. வயர்த் துண்டும் உலோகத் துணுக்கும் தீவனத்தில் கலந்து மாட்டின் வயிற்றுக்குள் போனால் குத்திச் சாகடிக்கக்கூடும். பொறுப்பேற்க ஓர் ஆள் இருக்கிறார் என்று தெரிந்தாலே அவர் உங்களிடம் பேசும் விதம் மாறும். மின்கம்பியில் சிக்கியிருந்தால் மட்டும் யாரும் கை வைக்கக் கூடாது. மின்சார நிறுவனத்துக்குச் சொல்லிவிட்டு ராக்கெட்டை மறந்துவிடுங்கள்.

போன் வந்தால் தபாலில் அனுப்பச் சொல்லாதீர்கள், நேரில் போய் வாங்குங்கள். மிகத் தூரம் என்றால் தீர்ந்த மோட்டார்க் கூட்டை உருவிக் குப்பையில் போட்டுவிட்டு மற்றதை மட்டும் அனுப்பச் சொல்லி, செலவை நீங்களே கொடுங்கள். எரியாத மோட்டார் உள்ளே இருந்தால் தபாலில் போகவே கூடாது. போகும்போது மகனையும் கூட்டிக்கொண்டு போங்கள், நன்றியை அவனே சொல்லட்டும். வீட்டுக்கு வந்ததும் குழாய் ஊதியிருக்கிறதா, ஷாக் கார்டு இழுத்தால் விரிசல் விடுகிறதா என்று பார்த்து இரண்டையும் மாற்றிவிட்டு, லேபிளைப் புதிதாக ஒட்டுங்கள்.